சர்வர் மாற்ற நாள் பார்த்தது

"சும்மா குடுக்குறான்னு சொல்றியே தம்பி, அதுல அவனுக்கு என்ன கெடைக்குது?"

அக்கா இதைக் கேட்டது தாப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒட்டுக்கடையில். நான் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக அதே கேள்வியைத்தான் நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கிடைத்திருந்தால் தாப்பாவுக்கு பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன்.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டம் கோலா கங்சார் போகும் வழியில் இருந்தது. தொழிலாளிகள் இருந்த லயத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் வீடு. நடுவில் பலகைச் சுவர்கள்தான், ஆகவே அவர்கள் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு அடி என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் பாதி செம்பனைத் தோட்டம், பாதி புது வரிசை வீடுகள். ஆட்கள் ஈப்போ, ஜெலாப்பாங், தாப்பா, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். நல்லது கெட்டதுக்குத்தான் பார்த்துக்கொள்வோம். நல்லதுக்குப் பத்திரிகை அடித்து ஒரு மாதம் முன்னால் அனுப்புவார்கள். கெட்டதுக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. காலையில் போனால் பெரும்பாலும் மறுநாள் மத்தியானம் எடுத்துவிடுவார்கள்.

அக்காவின் தம்பி ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்தபோது செய்தி போன் வழியாகக் கை மாறிக் கை மாறிப் போனது. எடுக்கும் நேரம் மூன்று மணி. வழியில் யாரோ அதைத் திரும்ப அடிக்கும்போது ஐந்து என்று அடித்துவிட்டார்கள். அக்கா தாப்பாவிலிருந்து வந்து மின்சுடலை வாசலில் இறங்கியபோது, சனங்கள் காடிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா அழுததாக எனக்கு நினைவில்லை. வாசலில் நின்றபடி, "யாரு நேரத்த மாத்துனா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். யாரும் மாற்றவில்லை. எல்லாரும் வந்ததை அனுப்பினார்கள். தம்பி முகத்தைப் பார்க்காமல் அவர் திரும்பிப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு எனக்குப் போன் செய்தார். ஒரே ஒரு இடம் வேண்டும், அதில் ஒரே ஒரு கை எழுத வேண்டும், எல்லாரும் அதைப் பார்த்து வர வேண்டும் என்றார். அப்படித்தான் இணையத்தில் ஒரு பக்கத்தைச் செய்தேன். வெள்ளைப் பக்கம். இறந்தவர் பெயர், அப்பா பெயர், எந்த லயம், உடல் இருக்கும் வீட்டு முகவரி, எடுக்கும் நேரம். படம் கிடையாது, பூ கிடையாது. யாரும் இல்லாத நாளில் 'இன்று அறிவிப்பு எதுவும் இல்லை' என்ற ஒரு வரி மட்டும் இருக்கும். உள்ளே போய் எழுத இரண்டு பேரிடம்தான் சாவி உண்டு. அக்கா எழுதுவார், பழுதானால் நான் பார்ப்பேன். அன்று அவர் போட்ட ஒரே நிபந்தனை, "ஒரு மணி நேரங்கூட நிக்கக் கூடாது தம்பி. அந்த ஒரு மணி நேரத்துல யாராவது போவாங்க."

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. படித்தது ஃபார்ம் டூ, அதாவது எட்டாவது வரைதான். தோட்டம் விற்றதும் பள்ளிக்கூட பஸ் நின்றுபோனது, நானும் நின்றுவிட்டேன். பிறகு தாப்பாவிலிருந்து மலைக்கு மேலே போகிற காய்கறி லாரியில் ஏற்றி இறக்கினேன். ஜெலாப்பாங்கில் ஒரு ரப்பர் கையுறை ஃபேக்டரியில் அச்சுகளைக் கழுவினேன். தோல் உரிந்ததால் அதை விட்டேன். ஈப்போவில் ஒரு சைபர் கஃபேயில் இரண்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தேன். கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைப் பிரிக்கவும் திரும்பச் சேர்க்கவும் அங்கேதான் பழகினேன். அந்தக் கடையும் மூடியது. இப்போது ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரி வாசலில் காவல். உள்ளே வரும் லாரிகளின் காகிதங்களைப் பார்த்துக் கதவு திறப்பது வேலை. நடுவில் நேரம் நிறைய இருக்கும். அந்தக் கூண்டில் உட்கார்ந்துதான் போனிலும் பழைய லேப்டாப்பிலும் ஐந்தாறு சின்ன வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கோயில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கடை, ஒரு மணவறை அலங்காரக்காரர், பிறகு அக்காவின் பக்கம்.

அவை எல்லாம் ஒரு வாடகை சர்வரில் இருந்தன. சர்வர் என்றால் எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய இயந்திரத்தில் நமக்கென்று ஒதுக்கிய ஒரு மூலை. அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். லினக்ஸின் நடுப்பகுதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதோடு மற்ற சாமான்களைச் சேர்த்துக் கட்டித் தருகிறவர்கள்தான் பலர். ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிபியூஷன் என்பார்கள். நான் மூட்டை என்று சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பெயர், ஒரு கூட்டம், ஒரு கட்சி உண்டு. அந்தப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தந்தக் கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள்.

என்னிடம் இருந்த மூட்டை, ஒரு பெரிய கம்பெனி காசுக்கு விற்பதை வரிக்கு வரி நகலெடுத்து இலவசமாகத் தந்தது. பல வருடம் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு நாள் காவல் கூண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி கண்ணில் பட்டது. இனிமேல் அந்த மூட்டை வராது, குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் கிடையாது. கடைசி வரியில், இத்தனை காலம் எங்களோடு பயணம் செய்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள்.

டீயைக் கீழே வைத்துவிட்டு அந்த நன்றியை இன்னொரு முறை படித்தேன். இதற்கு முன் ஒருமுறை அதைக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தை விற்ற வருடம், அதுவரை எங்கள் அப்பாக்களைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஆபீஸ் கிராணி, 'வாங்க, உட்காருங்க' என்று நாற்காலி போட்டார். கோயில் திடலில் கோழிப் பிரியாணி ஆக்கிப் போட்டார்கள். எல்லாருக்கும் இலவச வீடு என்றார்கள். துரை மைக்கில் வந்து இத்தனை வருட உழைப்புக்கு நன்றி என்று தமிழிலேயே சொன்னார். பெரியவர்கள் கைதட்டினார்கள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். வீடு வரவே இல்லை. அன்றிலிருந்து இலவசம் என்ற சொல்லும் நன்றி என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் நான் பின்பக்கக் கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

இருந்தாலும் வேறு மூட்டை வேண்டும். ஓட்டை அடைக்காத சர்வரில் யாரோ ஒருவன் புகுந்து, சாவுச் செய்தி இருக்கிற இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவான். அப்படி இரண்டு கோயில் வெப்சைட்டுகளுக்கு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

முதலில் மச்சானிடம் போனேன். மச்சான் என்றால் கூட்டாளி. சைபர் கஃபே காலத்துப் பழக்கம். இப்போது ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார், சர்வரில் இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங்கும் விற்கிறார்.

"நீ ஏன் மச்சான் இப்படிக் கெடந்து அடிச்சிக்கிற? எங்கிட்ட வந்துரு. எல்லாத்துக்கும் பட்டன் இருக்கு. அமுக்குனா வேல முடிஞ்சிச்சு."

"பட்டனுக்கு உள்ள எந்த மூட்ட ஓடுது?"

"உள்ள எது ஓடுனா உனக்கென்னலா? ரொட்டி சானாய் திங்கும்போது மாவு எந்த மில்லுன்னு கேப்பியா?"

"கேப்பேன்."

"கேப்ப. அதான் உனக்கு இன்னும் பொண்ணு கெடைக்கல."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மச்சான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வழக்கமாக நான்தான் வாங்கிக் கொடுப்பேன். அதனால் அந்த டீயையும் சந்தேகத்தோடுதான் குடித்தேன்.

இப்படித்தான் தாப்பாவுக்கு பஸ் ஏறினேன். பக்கம் அக்காவுடையது, அதனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம். எனக்குப் பிடிபடாத ஒன்று அவருக்குப் பிடிபடும் என்ற நினைப்பு இன்னொன்று. அவர் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. மனுசர்களைப் பற்றித் தெரியும்.

நான் விளக்கினேன். மூன்று வீடு இருக்கிறது அக்கா. முதல் வீடு வேறொரு கம்பெனியுடையது, நிறையப் பேர் அங்கேதான் போகிறார்கள். இரண்டாவது, இப்போது சாகப்போகிற மூட்டையின் வாரிசுகள். மூன்றாவது, சொந்தக்காரரே இல்லாத ஒன்று. உலகம் முழுக்க உள்ள ஆட்கள் சம்பளம் இல்லாமல் சேர்ந்து செய்கிறார்கள். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு பஸ்களைப் பார்த்தபடியே அவரே சொன்னார்:

"எம் பொண்ணுக்கு மாப்புள்ள பாத்தப்ப என்ன செஞ்சோம்? அவன் வீட்டுக்குப் போயி, ஒங்க புள்ள எப்படின்னா கேட்டோம்? பக்கத்து வீட்ல போயி, சண்ட வந்தா எப்படிப் போடுவாங்கன்னு கேட்டோம்."

"சண்டையவா?"

"நம்ம லயத்துல எல்லா வீட்லயும் சத்தம் கேக்கும். கிராணி வீட்லதான் ஒரு சத்தமும் கேக்காது. என்னா ஆச்சு?"

கிராணி வீட்டில் சத்தம் கேட்காததற்கு அது கல் வீடு என்பதும் ஒரு காரணம். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று வீட்டுச் சண்டைகளையும் படிக்க ஆரம்பித்தேன். இந்த மூட்டைக்காரர்களிடம் ஒரு வசதி. அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற கடிதங்களும், வைக்கிற புகார்களும் பல வருடமாக அப்படியே திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் ஆங்கிலம் குறைச்சல். தெரியாத சொல்லைப் போனில் போட்டுப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். இரண்டு லாரிக்கு நடுவில் ஒரு கடிதம் என்று கணக்கு.

கம்பெனி வீட்டில் சத்தமே இல்லை. யாராவது புகார் வைத்தால், உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் குழு பரிசீலிக்கும் என்று பதில் வரும். அதற்குப் பிறகு கதவு சாத்தியிருக்கும். காவல் வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. காகிதத்தைத் தூக்கிப்போட்டு, சீக்கிரம் தொற என்று கத்துகிற டிரைவரின் லாரியில் பெரும்பாலும் சரக்கு சரியாக இருக்கும். சலாம் போட்டுச் சாப்பிட்டீங்களா அண்ணே என்று கேட்கிறவனின் லாரியைத்தான் தார்ப்பாய் தூக்கிப் பார்க்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தார்ப்பாய் தூக்க எனக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

வாரிசு வீட்டில் நிலைமை வேறு. மூட்டை சாகிறது என்ற செய்தி வந்தவுடனே, நான்தான் உண்மையான வாரிசு என்று சொல்லிப் புதிதாகப் பல பேர் கிளம்பிவிட்டார்கள். யார் கொள்ளிச்சட்டி தூக்குவது என்று சாவு வீட்டில் நடக்குமே, அந்த மாதிரி இருந்தது. எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் நகலெடுக்கிற அசல், அந்தப் பெரிய கம்பெனியின் கையில்தான் இருந்தது. நாளைக்கு அது கையை மூடிக்கொண்டால் மறுபடி நான் தெருவில் நிற்பேன். ஒருமுறை நின்றாயிற்று.

மூன்றாவது வீட்டில்தான் லயம் மாதிரிச் சத்தம். ஒரு சின்ன மாற்றத்துக்கு மாதக்கணக்கில் சண்டை போட்டிருந்தார்கள். ஒருவர் இன்னொருவரை, நீ சொல்வது முட்டாள்தனம் என்று எழுதியிருந்தார். அவர் அதற்கு இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தார். கடைசியில் ஓட்டுப் போட்டார்கள். யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதுகூடக் கிடைக்கிறது. தோற்றவர் மறுநாள் வந்து, தனக்குப் பிடிக்காத அந்த முடிவுக்கான வேலையைச் செய்துகொண்டிருந்தார். இவர்களின் சாமான்கள் கொஞ்சம் பழசாக இருக்கும் என்று எல்லாரும் குறை சொன்னார்கள். பழசு எனக்குப் பெரிதில்லை.

ஆனாலும் அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்ற சந்தேகம் போகவில்லை. தேடிக்கொண்டே போனேன். சிலர் வேறு கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். சிலர் உண்மையிலேயே சும்மா செய்கிறார்கள். ஏன் என்று எழுதியிருந்த காரணம் ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. அப்படித் தேடும்போது ஒரு சின்னக் கடிதம் அகப்பட்டது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இனி என்னால் நேரம் ஒதுக்க முடியாது, நான் பார்த்துக்கொண்டிருந்த நான்கு சாமான்களையும் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மறுநாள் தேதியில் ஒரே வரிப் பதில்: நான் எடுத்துக்கொள்கிறேன், அம்மாவைப் பாருங்கள். அதற்கு முந்தின மாதம் இந்த இரண்டு பேரும்தான் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சரிபார்த்தேன். ஆள் மாறியிருந்தது, வேலை நிற்கவில்லை.

அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"திட்டிக்கிட்டவனே எடுத்துக்கிட்டானா?"

"ஆமாக்கா."

"அப்ப அங்கயே போ."

"எதுக்கும் ஒரு மாசம் பாக்குறேன்க்கா."

"பாரு. ஒன்ன யாரு வேணாங்கிறா?"

புது சர்வரில் அந்த மூட்டையை ஏற்றி ஒரு மாதம் காலி வீடாக ஓடவிட்டேன். தினமும் போய்க் கதவு ஜன்னல் பார்ப்பது மாதிரிப் பார்த்தேன். சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

இனி மாற்ற வேண்டியதுதான். கோயிலையும் சாப்பாட்டுக்கடையையும் எந்த நாளிலும் மாற்றலாம். அக்காவின் பக்கத்தை அப்படிச் செய்ய முடியாது. யாருடைய அறிவிப்பாவது பக்கத்தில் இருக்கும்போது கை வைக்கக் கூடாது, ஒரு நிமிடம் நின்றாலும் அந்த ஒரு நிமிடத்தில் பார்க்கிறவர் நேரம் தெரியாமல் போவார். ஆகவே யாரும் சாகாத நாள் வேண்டும். அதுவும் எனக்கு ஓய்வு நாளாக இருக்க வேண்டும். எங்கள் சனம் அப்படியொன்றும் பெரிய கூட்டம் இல்லை. இருந்தும் அந்தச் சமயம் பார்த்து ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டாவது லயத்துத் தாத்தா, ரப்பர் பால் கொட்டாயில் வேலை பார்த்த பெரியம்மா, பிறகு என்னோடு படித்த ஒருவன். நான் ஒவ்வொரு துக்கத்துக்கும் போனேன். போன இடத்தில் வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து இருமுவதைப் பார்த்து மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி எண்ணியதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னிக்கி யாரும் இல்ல. செய்யி.'

சனிக்கிழமை இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கண் எரிந்தது. முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தைப் புது சர்வருக்கு நகலெடுத்தேன். சரியாக வந்தது. ஒரே ஒரு விசயத்தில் சந்தேகம் இருந்தது. புது இயந்திரம் வேறு நாட்டுக் கடிகாரத்தில் ஓடியது, நான்தான் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன். மூன்று மணி என்று எழுதினால் மூன்று மணி என்றே காட்டுமா? இந்த ஒன்றில் மட்டும் தவறு வரக் கூடாது. சோதிக்க வேண்டுமானால் இன்றைய தேதியில் ஓர் அறிவிப்பு எழுதிப் பார்க்க வேண்டும். அறிவிப்புக்கு ஒரு பெயர் வேண்டும்.

உயிரோடு இருக்கிறவர் பெயரை அந்தப் பக்கத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. சும்மா ஒரு பெயரை இட்டுக்கட்டலாம் என்றால், எந்தப் பெயரை நினைத்தாலும் அந்தப் பெயரில் லயத்தில் ஒருவர் இருந்தார். செத்தவர்கள் பெயரை இன்னொரு முறை சாகவைப்பதும் சரியாகப் படவில்லை. கடைசியில் என் பெயரை எழுதினேன். அப்பா பெயர், லயம், ஜெலாப்பாங் ஃப்ளாட் முகவரி, எடுக்கும் நேரம் இன்று மத்தியானம் மூன்று மணி. புது சர்வரில் பார்த்தேன். மூன்று என்றே காட்டியது.

பிறகு, பக்கத்தின் பெயரைத் தேடி வருகிறவர்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதுக்குத் திருப்பிவிட்டேன். இது ஒரு வீடு மாறி முகவரி மாற்றிக் கொடுப்பது மாதிரி. சிலருக்கு உடனே புது வீடு தெரியும். சிலருடைய போன் கொஞ்ச நேரம் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது அந்த நேரத்தில் உதவவில்லை. சோதனை அறிவிப்பை அழிப்பதற்காகப் போனில் பக்கத்தைத் திறந்தேன். 'இன்று அறிவிப்பு எதுவும் இல்லை' என்று இருந்தது. சரி, முன்பே அழித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் போன் பழைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாத் தார்ப்பாயையும் இரண்டு முறை தூக்கிப் பார்க்கிறவன், இதை ஒரு முறைதான் பார்த்தேன். போனைச் சத்தமில்லாமல் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

கதவு தட்டுகிற சத்தத்தில்தான் எழுந்தேன். வெறும் கையால் தட்டுகிற மாதிரி இல்லை, உடைக்கிற மாதிரி இருந்தது. திறந்தால் அக்கா. மூன்று மாடி ஏறிய மூச்சு. வீட்டில் உடுத்துகிற புடவையிலேயே வந்திருந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. முதலில் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்த் தொட்டிக்கு அடியில் இருந்த பாட்டில்களைப் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"மணி என்னா?" என்றார்.

"ஒன்றரை. என்னக்கா?"

"மூணுன்னு போட்டிருக்க."

எனக்குப் புரியவில்லை. அவர் தன் போனை நீட்டினார். வெள்ளைப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

"நான் எழுதல," என்றார் அக்கா. "ரெண்டு பேருகிட்டதான் சாவி இருக்கு. நான் எழுதலன்னா நீதான் எழுதிருக்கணும். செத்தவன் எழுத மாட்டான். மூணு மணின்னு எழுதிட்டுப் போன எடுக்காம இருக்க. நான் என்னன்னு நெனைக்கிறது?"

அவர் மின்விசிறியைப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

"அக்கா, நேரம் சரியா காட்டுதான்னு பாக்க எழுதுனேன். அழிச்சிட்டேன்னு நெனச்சேன்."

"அதுக்கு உன் பேரா?"

"வேற யாரு பேரக்கா எழுதுறது?"

யோசித்துப் பார்த்திருப்பார். அவருக்கும் ஒரு பெயர் கிடைத்திருக்காது. என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கொடுத்தேன்.

"தாப்பாவுல பஸ் நிக்கிது, டிரைவரக் காணோம். நான் போயி டாய்லட் வாசல்ல நின்னு கூப்புட்டு வந்தேன்," என்றார். "ஈப்போவுல எறங்கி ஒரு காடியப் புடிச்சேன். அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். மூணுக்கு முன்ன போயிரணும்னு."

"வந்துட்டீங்கக்கா."

"வந்துட்டேன்," என்றார். கொஞ்சம் கழித்து, யாரிடமோ சொல்வது மாதிரி இன்னொரு முறை, "வந்துட்டேன்ல."

நான் லேப்டாப்பைத் திறந்து புது சர்வருக்குள் நேராகப் போய் என் பெயரை அழித்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்று, அழிந்ததைத் தன் போனிலும் பார்த்துக்கொண்டார். அப்போது மறுபடி கதவு தட்டியது. மச்சான், கையில் பிளாஸ்டிக் பையில் மாலை. என்னைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஏழு தடவ அடிச்சேன்லா போனு. எடுக்கல. செத்தவன் எப்படி எடுப்பான்னு பூக்கடைக்குப் போயிட்டேன்."

"உள்ள வா மச்சான்."

"என் பட்டன வாங்கிருந்தா இந்தக் கேவலம் வந்திருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அவர் கண் சிவந்திருந்தது. அன்றைக்கு அவர் வாங்கிக் கொடுத்த டீ வெறும் டீயாகவும் இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"மொதல்ல அந்த மாலைய வெளிய கொண்டு போ," என்றார் அக்கா.

இன்னும் யார் யார் கிளம்பி வருகிறார்களோ தெரியாது. பக்கத்தில் ஏதாவது போட வேண்டும். இதற்கு முன் அப்படி ஓர் அறிவிப்பை நாங்கள் போட்டதில்லை. தொழில்நுட்பக் காரணத்தால் தவறுதலாக என்று நான் ஆரம்பித்தேன். அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் யாருக்கு வெளங்கும்? ஆளு இருக்காருன்னு போட்டாப் போதும்."

என் பெயர், அப்பா பெயர், லயம். எடுக்கும் நேரம் இருக்கும் இடத்தில், 'ஆள் இருக்கிறார்' என்று அவரே எழுதினார். அது அன்று முழுக்க அங்கே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மூட்டை நிற்கவில்லை. நான் இன்னும் அவர்களை நம்பிவிடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர்களின் சண்டைகளைப் படிக்கிறேன். சத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்லை. சோதனைக்கு இப்போது காவல் கூண்டுக்கு எதிரே கட்டிக் கிடக்கும் ஆட்டின் பெயரை எழுதுகிறேன், அழித்ததை இரண்டு போனில் பார்க்கிறேன்.

காலையில் நான் கூண்டில் கையெழுத்துப் போட்டு உட்காரும் நேரத்துக்கு அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை வரும். 'ஓடுதா?' நான், 'ஓடுதுக்கா' என்று அனுப்புவேன். பக்கம் ஓடுகிறதா என்று அவர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்க்கவும் செய்கிறார். இருந்தும் ஒரு நாள் தவறாமல் என்னைக் கேட்கிறார். இதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே பதில் போடாமல் இருந்து பார்த்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூண்டின் சுவரில் மாட்டியிருக்கும் ஃபேக்டரி போன் அடித்தது.

"ஓடுதான்னு கேட்டேன்ல," என்றார்.

"ஓடுதுக்கா."

"சரி," என்று வைத்துவிட்டார்.

அந்த நம்பரை நான் அவருக்குக் கொடுத்ததே இல்லை. யார் கொடுத்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.